புதுப்பிப்பு: பேக்ஹோ ரிவர்ஸ் பிரச்சினை தீர்ந்தது

எங்கள் பழைய பேக்ஹோ (முன்னால் பக்கெட், பின்னால் தோண்டும் கை உள்ள மண் வண்டி) சூடேறினால் ரிவர்ஸ் எடுக்காது, முன்னால் மட்டும் ஓடும் என்று முன்பு எழுதியிருந்தேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் குழி எடுக்கும்போது வண்டி அப்படியே நின்றுவிடும். கியர்பாக்ஸை இறக்கணும் என்றது பட்டறை. அந்த வேலையே வரவில்லை, கோளாறு ஒயரில்தான்.

முன், ரிவர்ஸ் மாற்றும் ஸ்டீயரிங் பக்கத்து லீவர் வெறும் சுவிட்ச். அது கியர்பாக்ஸில் உள்ள சோலினாய்டு காயிலுக்கு (கரண்ட் வந்தால் காந்தமாகி வால்வைத் திறக்கும் சுருள்) 12 வோல்ட் அனுப்பும். வால்வு திறந்து ஆயில் பிரஷர் கிளட்சை அழுத்தும். சோலினாய்டு சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தபோது முழு வோல்ட்டும் காட்டியது. சாக்கெட்டை மாட்டியபடியே அதன் பின்பக்கம் மீட்டர் ஊசி நுழைத்துப் பார்த்தால் 8 வோல்ட்கூட இல்லை! கரண்ட் ஓடும்போதுதான் கெட்ட இணைப்பு வெளியே தெரியும். சோலினாய்டு வாங்க ஓடுவதற்கு முன் தயவுசெய்து இப்படி அளந்து பாருங்கள். காயில் சூடானால் ரெசிஸ்டன்ஸ் கூடி கரண்ட் இன்னும் குறையும். காலையில் ஓடிய வண்டி மதியம் மறுத்தது அதனால்தான்.

அந்தப் பதிவைப் பார்த்து பாலக்கோட்டு அண்ணன் சொன்னபடி பக்கெட்டையும் பின் ஜாக்குகளையும் ஊன்றிச் சக்கரங்களைத் தூக்கிவிட்டு, முன், ரிவர்ஸ் இரண்டு சோலினாய்டுகளின் சாக்கெட்டுகளையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி மாட்டினோம். கோளாறு காயிலோடு போகவில்லை, ஒயரோடே நின்றது. ரொம்ப நன்றி அண்ணா.

தரைத்தகடுக்கு அடியில் இருந்த கனெக்டரில் சேறு இறங்கி ஒரு பின் பச்சை பூத்திருந்தது. புது பின்னை ஒயரில் நசுக்கிப் பிடித்து (கிரிம்ப்), எர்த் முனையையும் சுரண்டி இறுக்கினோம். இப்போது நாள் முழுக்க வெயிலில் ஓடினாலும் ரிவர்ஸ் உடனே விழுகிறது.