மண்சரிவு எச்சரிக்கையை லயத்து மக்களுக்குப் புரியும்படி சொல்வது எப்படி?

அப்புத்தளை வாசகர் (கேள்வி):
வணக்கம். மழைக்காலம் தொடங்குமுன் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு கூட்டம் நடத்தவிருக்கிறோம். சென்ற மழையின்போது கைபேசிக்கு வந்த எச்சரிக்கை முதலில் சிங்களத்திலும், வெகுநேரம் கழித்தே தமிழிலும் கிடைத்தது. அதில் "பிரதேச செயலகப் பிரிவு" (மாவட்டத்துக்குள் வரும் அரச நிர்வாகப் பிரிவு) என்றிருந்ததைப் படித்த பெரியவர் ஒருவர், தோட்டத்தின் மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்று கேட்டார். எனக்கும் உடனே பதில் வரவில்லை. சுற்றாடல் ஆர்வலர்களின் பதிவுகளிலோ காடும் அருவியும் அழகாக இருக்கின்றன, இன்றிரவு லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) உறங்கலாமா என்பதற்கு விடை இல்லை. இவற்றை எங்கள் மக்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்:
மில்லிமீற்றர் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேறவும் சொல்கிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வானொலியில் கேட்பது இந்தப் படிகளைத்தான். தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் அளவெடுத்து எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நானும் எழுதியிருக்கிறேன், ஆனால் அதைக் கொழுந்துக் கணக்குக்கு அப்பால் எவரும் கேட்டதில்லை. அந்த அளவைக் கோயில் ஒலிபெருக்கியில் தோட்டப் பிரிவின் பெயரோடு மாலைதோறும் சொன்னால், மாவட்டம் முழுவதற்குமான அறிவிப்பைவிட அது மக்களுக்கு விளங்கும்.

பதுளைச் செய்தியாளர்:
ஐயா சொல்வது சரி, ஆனால் அறிவிப்பு விளங்காததுதான் குறை என்று நான் நினைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணில் புதைந்த கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் ஆபத்து சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லாதவரிடம் "வெளியேறுங்கள்" என்பது எச்சரிக்கையா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா? எங்கள் தொழிலிலும் பிழை உண்டு. சரிவுக்குப் பின் கமெராக்களோடு ஓடிப்போய் "இயற்கை அனர்த்தம்" என்று தலைப்பிட்டோம். அந்தச் சொல்லே முன்னைய எச்சரிக்கைகளை மறைத்துவிட்டது. கூட்டத்தில் எங்கே போவது, அந்த இடத்தின் சாவியை யார் வைத்திருப்பார் என்பதையும் முடிவுசெய்யுங்கள்.

பண்டாரவளை ஆசிரியை:
ஆர்வலர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். உமா ஓயா நீர்த்திட்டத்தின் சுரங்கத்தில் நீர் கசிந்து, இங்கே கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடித்தபோது, 2017இல் ஊரே வீதிக்கு இறங்கியது. தொழில்நுட்ப அறிக்கைகளால் ஆகாததை வற்றிய கிணற்றின் சொந்தக்காரர்கள் செய்தார்கள். ஆர்வலர்கள் அவர்களைப் பேசவிட்டதால்தான் அந்தச் செய்தி நாடு முழுவதும் போனது. உங்கள் கூட்டத்திலும் லயத்துச் சுவரில் வெடிப்பைக் கண்ட அம்மாவை முதலில் பேசச் சொல்லுங்கள். இன்னொன்று: இப்படியான திட்டங்கள் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைமீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலைநாட்கள் உண்டு. பத்திரிகை மூலையில் வரும் அந்த அறிவித்தலை வாசிகசாலையில் ஒட்டிவைக்கலாம்.

அப்புத்தளை வாசகர்:
மூவருக்கும் நன்றி. தோட்ட அலுவலகத்தில் மழைமானிப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பாடசாலை மண்டபத்தின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பது இன்னும் எவருக்கும் தெரியவில்லை. நாளை அதிபரிடம் கேட்கப் போகிறேன்.