மஸ்ட், ஷுட், ஹேவ் டு: உங்களுக்கு எங்கே இடறியது?

வெள்ளவத்தை டியூஷன் மிஸ்

பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் சின்ன வகுப்பு. வேலைக்குப் போகிறவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்மாமார் என்று கலவையான கூட்டம். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் எப்படியோ பிடிபட்டுவிடும். ஒருவருக்கு அறிவுரை சொல்லவும், ‘இதைச் செய்தே ஆகவேண்டும்’ என்று சொல்லவும் வரும்போதுதான் சிக்கல் தொடங்கும். பாடப் புத்தகங்கள் இந்தச் சொற்களை ஏணிப்படி மாதிரி அடுக்கிக் காட்டும்: உச்சியில் மஸ்ட், பிறகு ஹேவ் டு, கீழே ஷுட், ஓட் டு. படியை எண்ணிப் பேசப் போனவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். யார் யாருக்குச் சொல்கிறார், அதனால் நன்மை யாருக்கு என்று பார்க்காமல் இதில் எதையும் எடுத்துப் போட முடியாது.

வகுப்புக்கு வரும் அக்கா ஒருவரின் கதை இது. பம்பலப்பிட்டியில் தொடர்மாடி வீடு. எதிர்வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அவர்களைக் கூப்பிடப் போனவர், ‘ஒன்றும் கொண்டுவர வேண்டாம்’ என்பதை ‘யூ மஸ்ட் நொட் பிரிங் எனிதிங்’ என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். பிறகு லிஃப்டில் கண்டபோது மெதுவாகக் கேட்டாராம், உங்கள் மதத்தில் பரிசு வாங்குவது தடையா என்று.

நம்முடைய ‘வேண்டாம்’ செய்கிற வேலை. ‘வர வேண்டாம்’ என்றால் வராதே என்றும் எடுக்கலாம், வரத் தேவையில்லை என்றும் எடுக்கலாம். மிச்சத்தைக் குரலும் முகமும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அப்படி இரண்டையும் ஒரே பையில் போட முடியாது. மஸ்ட் நொட் என்றால் கூடாது. டோன்ட் ஹேவ் டு என்றால் தேவையில்லை, விருப்பமென்றால் செய்யலாம். ‘நொட்’ வராதவரை மஸ்டும் ஹேவ் டுவும் அண்ணன் தம்பிதான். அது வந்ததும் பாகப்பிரிவினை.

இதை நான் இப்போது சிங்களத்தை வைத்தே விளக்குகிறேன். ‘கேன்ன எபா’ என்றால் கொண்டுவராதே. ‘கேன்ன ஓன நே’ என்றால் கொண்டுவரத் தேவையில்லை. கொழும்பில் பஸ் ஏறி இறங்குகிற யாருக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எபா வரும் இடத்தில் மஸ்ட் நொட், ஓன நே வரும் இடத்தில் டோன்ட் ஹேவ் டு. வகுப்பு உடனே பிடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கோடும் கோப்பியும்

மிஸ், எங்கள் ஒபிஸில் நடந்தது இதற்கு நேர் எதிர். தெமட்டகொடையில் ஒரு மென்பொருள் கொம்பனி, வாடிக்கையாளர் லண்டனில். புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய புரோகிராம் கோடைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஒரு குறிப்பு வந்தது: ‘யூ மைட் வோன்ட் டு செக் திஸ் ஃபோர் எம்ப்டி வேல்யூஸ்.’ வேண்டுமென்றால் பார்க்கலாம் என்றுதானே இருக்கிறது, அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டான். கொஞ்ச நாளில் அதே இடத்தில் ஒரு வெற்றுப் பெறுமதி வந்து சேர, பில் அடிக்கிற பகுதி அப்படியே படுத்துவிட்டது. அழைப்பில் அந்த மனிதர் குரலை உயர்த்தவே இல்லை. ‘ஐ டிட் மென்ஷன் இட்’ என்று மட்டும் சொன்னார். அதற்கு நாலு பேச்சுப் பேசியிருக்கலாம்.

எங்கள் லீட் பிறகு தம்பியைக் கன்டீனுக்குக் கூட்டிப்போய் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: ‘இங்கிலாந்துக்காரர் மைட் வோன்ட் டு என்று எழுதினால் உடனே செய். யூ மஸ்ட் என்று எழுதினால் அனேகமாக உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்.’

வேடிக்கை என்னவென்றால், எங்கள் துறையில் இந்தச் சொற்களுக்கு அளவுகோலே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்டர்நெட் நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்காக 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம். அதில் மஸ்ட் என்றால் விலக்கே கிடையாது. ஷுட் என்றால், தக்க காரணம் இருக்கும்போது விடலாம். ஆனால் விட்டால் என்ன ஆகும் என்பதை முழுதாக விளங்கிக்கொண்டுதான் விட வேண்டும். மே என்றால் உண்மையிலேயே உன் விருப்பம். 2017இல் இன்னொரு ஆவணம் வந்து, பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மட்டுமே இந்தப் பொருள் என்று தெளிவாக்கியது. சின்ன எழுத்தில் வந்தால் சாதாரண ஆங்கிலம், உன் பாடு. ஷுட் என்பதைச் ‘செய்தால் செய், விட்டால் விடு’ என்று எடுக்கிற பொடியன்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த 2119ஐத்தான். சின்னதுதான், தேத்தண்ணி ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

மட்டக்குளி மாமா

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா, விளங்கினால் போதாதா என்று கேட்கத்தான் வந்தேன். எழுதத் தொடங்கும்போது என் பெறாமகனின் லீவு ஞாபகம் வந்தது.

அவனுக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் லீவு உறுதியாக வேண்டும், இல்லாவிட்டால் யாழ்தேவியில் சீட் போட முடியாது. மேலதிகாரிக்கு மெயில் எழுதினான். மனதில் இருந்தது ‘வெள்ளிக்கு முதல் தந்தால் நல்லது சேர்’. நல்லதுக்கு பெட்டர் என்று யோசித்து, ‘யூ ஹேட் பெட்டர் அப்ரூவ் மை லீவ் பிஃபோர் ஃப்ரைடே’ என்று அனுப்பிவிட்டான். இலக்கணத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது. மேலதிகாரி பறங்கியர், வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த மனுஷன். அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ‘ஓர் வட்?’ என்று கேட்டாராம். தராவிட்டால் என்ன செய்வாய்?

லீவு கிடைத்தது. ஆனால் தான் எழுதியதில் என்ன பிழை என்று அவன் இன்னும் நம்பவில்லை. மிஸ், நீங்கள் சொன்னால் கேட்பான்.

வெள்ளவத்தை டியூஷன் மிஸ்

மாமா, ஹேட் பெட்டரில் ‘செய்யாவிட்டால் தெரியும்’ என்ற வால் எப்போதும் ஒட்டியிருக்கும். அம்மா பிள்ளைக்குச் சொல்லலாம். மழை இருட்டிக்கொண்டு வரும்போது சிநேகிதிக்கு ‘குடையை எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்லலாம். மேலே இருப்பவருக்குச் சொன்னால் மிரட்டல்தான். ஹேட் என்று இருப்பதால் இறந்தகாலம் என்று நினைப்பவர்களும் உண்டு, அது இனிமேல் நடக்க வேண்டியதைத்தான் சொல்லும். பெறாமகனுக்குச் சொல்லுங்கள்: ‘இட் வுட் பி கிரேட் இஃப் யூ குட்’ என்று தொடங்கினால் ‘தந்தால் நல்லது’ சேதமில்லாமல் வந்து சேரும்.

மாமா கிளறிவிட்டதால் இன்னொன்றும். வகுப்பில் ஒருவர் தன் வங்கிக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தார். ‘போன மாதமே தவணை கட்டியிருக்க வேண்டும், முடியவில்லை’ என்று மன்னிப்புக் கேட்கத்தான் எழுதினாராம். எழுதியது ‘ஐ மஸ்ட் ஹேவ் பெய்ட் லாஸ்ட் மன்த்’. வங்கியிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது, பற்றுச்சீட்டின் பிரதியை அனுப்புங்கள் என்று. ‘கட்டியிருக்க வேண்டும்’ என்பதைத் தமிழில் கடமையாகவும் சொல்லலாம், ஊகமாகவும் சொல்லலாம். மஸ்ட் ஹேவ் பெய்ட் என்பதில் ஊகம் மட்டும்தான்: கட்டித்தான் இருப்பேன், நினைவில்லை. கட்ட வேண்டியது, ஆனால் கட்டவில்லை என்றால் ஷுட் ஹேவ் பெய்ட். கட்ட வேண்டி வந்தது, கட்டியும் விட்டேன் என்றால் ஹேட் டு பே. மஸ்டுக்கென்று தனி இறந்தகாலம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வடிவமே இறந்தகாலமாக இருந்து, பிறகு நிகழ்காலமாகிவிட்டது. அதனால் கடமையைப் பற்றிப் பேசும்போது ஹேவ் டுவிடம்தான் கடன் வாங்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை நர்ஸ்

ஷுட் ஹேவ் என்றதும் எனக்கு எங்கள் ஓ.ஈ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை) வகுப்பு ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் தாதி வேலைக்குப் போகப் படிக்கிறோம். அந்தப் பரீட்சையின் பேச்சுப் பகுதியில் சுமார் 5 நிமிட நடிப்பு இரண்டு வரும். நாம் தாதி, முன்னால் இருப்பவர் நோயாளி அல்லது அவருடைய உறவுக்காரர்.

பயிற்சியில் என்னோடு இருக்கிற அக்கா, வோட்டில் பல வருஷம் வேலை செய்தவர், கைராசிக்காரி. அவருக்கு விழுந்த நோயாளி, நீரிழிவும் கால் புண்ணுமாக வருகிறவர், சிகரெட் வேறு. அக்கா தொடங்கினார்: ‘யூ ஷுட் ஹேவ் கம் ஏர்லியர். யூ மஸ்ட் ஸ்டொப் ஸ்மோக்கிங்.’ அவர் மனதில் ஓடியது ‘கொஞ்சம் முந்தியே வந்திருக்கலாமே ஐயா’ என்பதுதான். அதில் இரக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘உன் பிழைதான்’ என்று போய் விழுந்தது. நோயாளியாக நடித்த மிஸ் நடிப்புக்காக இல்லாமல் உண்மையாகவே கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் பின்னால் சாய்ந்துவிட்டார்.

பிறகு மாற்றிச் சொல்ல வைத்தார்கள். நீங்கள் வந்தது நல்லது. சிகரெட்டைக் குறைப்பது பற்றி யோசித்திருக்கிறீர்களா. குறைத்தால் புண் ஆற உதவும். ‘ஐயாவிடம் கெஞ்சுவது போல இருக்கு, எங்கள் வோட்டில் மிஸ்ஸி அதட்டினால்தான் குளிசை உள்ளே போகும்’ என்று அக்கா முணுமுணுத்தார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மஸ்டை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் விடவில்லை. மயக்கம் தரும் மருந்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது ‘யூ மஸ்ட் நொட் டிரைவ் டுடே’ என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘மைட் வோன்ட் டு’ என்று குழைந்தால் ஆள் நேரே மோட்டார் சைக்கிளில் ஏறுவார்.

செட்டியார் தெரு

கோப்பித் தம்பி சொன்ன சாப்பாட்டு மஸ்ட் உண்மை. எங்கள் நகைக்கடைக்கு வந்த அவுஸ்திரேலிய சோடி ஒன்று, போகும்போது ‘யூ மஸ்ட் கம் அன்ட் சீ அஸ் இன் மெல்பர்ன்’ என்றது. எங்கள் கடைப் பொடியன் உடனே கொப்பியையும் பேனையையும் நீட்டி விலாசம் கேட்டான். பாவம், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இதில் நாம் மட்டும் என்ன குறைவா? ரோட்டில் கண்டவரிடம் ‘கலியாணத்துக்குக் கட்டாயம் வரோணும், குடும்பமா வரோணும்’ என்கிறோம். தாம்பாளத்தில் அழைப்புக் காட்டோடு வீட்டுக்கு வந்து சொன்னால்தான் அந்தக் கட்டாயத்துக்குக் கணக்கு.

புதுக்கடை லிகிதர்

சட்டத்தரணி ஒருவரிடம் வேலை. எங்களுக்கு நாள் முழுக்க ஷால்தான். ‘த டெனன்ட் ஷால் பே’ என்றால் வாடகைக்காரர் இனிமேல் கட்டுவார் என்று சாத்திரம் சொல்வதில்லை, கட்டியே ஆகவேண்டும். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையைப் பாருங்கள். தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சேர்த்த இரண்டு வரிகளுக்கும் ஆங்கிலப் பிரதியில் ஷால். சட்டத் தமிழில் அதை ‘ஆதல் வேண்டும்’ என்று எழுதுவார்கள். (தமிழில் ஒரு படிவம் கேட்டு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஷாலின் பலம் எவ்வளவு என்று தெரியும். அது வேறு வழக்கு.)

வினை வருவது ஷாலால் இல்லை, மேயால். கடை ஒன்றை வாடகைக்கு எடுத்த ஒருவர், ஒப்பந்தத்தில் ‘மே பி ரினியூட்’ என்று இருந்ததை நம்பி உள்ளே பெருஞ்செலவில் அலுமாரியும் கண்ணாடியும் அடித்துவிட்டார். ‘புதுப்பிக்கலாம் என்றுதானே போட்டிருக்கு’ என்று எங்களிடம் வந்து நின்றார். போட்டுத்தான் இருக்கிறது. கட்டிடக்காரர் சம்மதித்தால் புதுப்பிக்கலாம். அவர் சம்மதித்தே ஆகவேண்டும் என்று எங்கேயும் இல்லை. கையெழுத்து வைக்க முதல் மே எங்கெங்கே இருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுப் பாருங்கள்.

ஷாலின் காலமும் முடிந்துகொண்டு வருகிறது. அமெரிக்க அரச அலுவலகங்களுக்கான எளிய நடை வழிகாட்டி, ஷாலை விட்டுவிட்டு மஸ்ட் போடச் சொல்கிறது. இங்கிலாந்தின் வீதி ஒழுங்கு நூலான ஹைவே கோடிலும் மஸ்ட்தான் சட்டம்; மீறினால் குற்றம். ஷுட் என்று இருப்பதை மீறினால் அதற்காக மட்டும் வழக்கு வராது, ஆனால் விபத்து நடந்து நீதிமன்றம் போனால் அதை எடுத்து உங்களுக்கு எதிராகக் காட்டலாம். கோப்பித் தம்பியின் ஷுட்டும் இதுவும் ஒரே சாதிதான்: விடலாம், விட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

புதிதாக வந்தவன்

எல்லோருக்கும் வணக்கம். நாளைக்கு கோட்டையில் ஒரு இன்டர்வியூ. அனுப்பிய மெயிலில் ‘யூ மே விஷ் டு பிரிங் யுவர் ஒரிஜினல் சர்டிபிகேட்ஸ்’ என்று இருக்கிறது. அசல் எல்லாம் வவுனியாவில் வீட்டில். கொண்டுபோகத்தான் வேணுமா?

கோடும் கோப்பியும்

இன்றிரவு பஸ்ஸிலேயே ஒருவரிடம் கொடுத்துவிடச் சொல்லு தம்பி. போட்டோகொப்பி ஒரு செட்டும் எடுத்துக்கொள்.

மட்டக்குளி மாமா

டையும் கட்டு.