நடுகல் வாசகத்தைக் கணினியில் ஏற்றுவது வெறும் தட்டச்சா?

பென்னாகரம் செல்வி – இரவு 8.12
ஓசூர் நிரலன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ் என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டு கடைசியில் செய்வது தட்டச்சு. இதற்கெல்லாம் யார் சம்பளம் தருவார்கள்? தமிழ்ப் பற்று இருந்தால் சும்மாவே செய்யலாம்" என்கிறார். இலக்கியம், வரலாறு போன்ற துறைகளின் ஆய்வைக் கணினி கொண்டு செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் தமிழில் எம்.ஃபில். முடித்தவள். ஒரு கல்வெட்டுத் திட்டத்தில் 11 மாதம் வேலை பார்த்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகல் (போரில் இறந்த வீரனுக்கு நட்ட கல்) வாசகங்களைப் பழைய அச்சுப் புத்தகத்தையும் கல்லின் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூனிகோடில் ஏற்ற வேண்டும். பக்கத்துக்கு 12 ரூபாய். திட்டத்துக்குப் பணம் வந்தது, ஸ்கேனர் வந்தது, தொடக்க விழாவுக்குப் பொன்னாடைகூட வந்தது. வேலை முடிந்து வெளியான பக்கத்தில் எங்கள் நான்கு பேரின் பெயர் மட்டும் வரவில்லை. இது வெறும் தட்டச்சுதானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஓசூர் நிரலன் – இரவு 8.31
சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து, ராத்திரி உட்கார்ந்து சங்க இலக்கியத்தைத் தட்டினார்கள். பக்கத்துக்கு எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஆறு வருடமாக விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். உங்களுக்கு 12 ரூபாயாவது கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

கிருஷ்ணகிரி மாங்கனி – இரவு 8.40
12 ரூபாய் என்பதை நம்ப முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலேயே தமிழ் டைப்பிங் பக்கத்துக்கு 25 வாங்குகிறார்கள்.

பென்னாகரம் செல்வி – இரவு 8.52
நிரலன் அண்ணா, உங்களுக்கு மாதம் முதல் தேதி கம்பெனிச் சம்பளம் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு ராத்திரி செய்வது தொண்டு. நான் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து தருமபுரிக்கு வந்து, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து செய்தது வேலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மாங்கனி, 12 ரூபாய்தான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அரூர் வாத்தியார் – இரவு 9.05
எல்லாரும் பேசுகிறீர்கள், முதலில் இந்தத் துறைக்குத் தமிழில் சரியான பெயர் என்ன என்று யாராவது சொல்லுங்கள். "எண்ணிம மானுடவியல்" என்று ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் பார்த்தேன். மானுடவியல் என்றால் ஆந்த்ரபாலஜி. அது வேறு துறை. பெயரையே தப்பாக வைத்துவிட்டு அதில் வேலை இல்லை, நிதி இல்லை என்று அழுதால் எப்படி?

ஓசூர் நிரலன் – இரவு 9.11
ஐயா, பெயர் கிடக்கட்டும். 12 ரூபாய் குறைவு என்றால் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? வாங்கிக்கொண்டு 11 மாதம் கழித்து ஏன் குறை சொல்ல வேண்டும்? அப்புறம், அந்த வாசகங்களை நீங்கள் படிக்கவில்லை. தொல்லியல் துறைக்காரர்கள் படித்தார்கள். செங்கம் நடுகற்கள் 1972-இலேயே புத்தகமாக வந்துவிட்டன. கல்லின் மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள் ஆய்வாளர்கள். அதைப் பார்த்து அடித்தால் தட்டச்சு. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

பென்னாகரம் செல்வி – இரவு 9.48
நிதானமாகப் படியுங்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்து நடுகற்கள் பலவும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் இருக்கின்றன. ஆநிரைக்காகச் செத்தவனுக்கு நட்ட கல்லில் "தொறுக்கொண்ட ஞான்று பட்டான்" என்பது போல வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவர்ந்த அன்று இறந்தான் என்று பொருள். கல்லில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. க் என்பதும் க என்பதும் பார்வைக்கு ஒன்றுதான். தொ, தோ இரண்டுக்கும் ஒரே வடிவம். மழையும் வெயிலும் பட்டு, போதாததற்கு எவனோ சுண்ணாம்பு அடித்து, ஒரு எழுத்து பாதி போயிருக்கும். புத்தகம் ஒன்று சொல்கிறது, படத்தில் வேறு மாதிரி தெரிகிறது. எதை ஏற்றுவது? சிதைந்த எழுத்துக்கு ஒரு குறி, நாமாக ஊகித்ததற்கு இன்னொரு குறி, புத்தகத்திலிருந்து விலகினால் அதற்கு ஒரு குறிப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுது போன நாள் உண்டு. அன்றைய கூலியும் 12 ரூபாய்தான்.

கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? மேலே சரிபார்த்த ஒருவர் நான் போட்ட "தொறு"வைப் பிழை என்று நினைத்து, எல்லா இடத்திலும் "தொழு" என்று ஒரே அடியாக மாற்றிவிட்டார். தொழு மாட்டைக் கட்டும் இடம். இப்போது அந்தத் தளத்தில் "தொறு" என்று தேடினால் ஒன்றும் வராது. மந்தைக்காக உயிரைக் கொடுத்தவர்களையெல்லாம் தொழுவத்துக்காகச் செத்தவர்களாக ஆக்கிவிட்டார்கள். தட்டச்சு மட்டும் தெரிந்தவருக்கு இது உறைக்குமா?

அரூர் வாத்தியார் – இரவு 10.02
தொறு என்பது ஆநிரை. ஆநிரை கவர்வதையும் மீட்பதையும் பாடும் வெட்சி, கரந்தைத் திணைகளை நடத்திய எந்தத் தமிழாசிரியரும் சொல்வார். இதற்குக் கணினி எதற்கு?

பென்னாகரம் செல்வி – இரவு 10.06
சரிதான் ஐயா. அதைத்தான் நானும் சொல்கிறேன். தமிழ் படித்தவர்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அவருக்குத் தமிழ் படித்தவருக்கு உரிய சம்பளம் தர வேண்டும்.

அரூர் வாத்தியார் – இரவு 10.10
நான் அதைச் சொல்லவில்லை. என் வாயில் சொல்லைத் திணிக்காதே அம்மா. கல்லின் மேல் மாவு தடவி, வெயிலில் மண்டி போட்டு வாசித்த தலைமுறையை நேரில் பார்த்தவன் நான். ஏசி அறையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது ஆய்வு ஆகாது.

பென்னாகரம் செல்வி – இரவு 10.13
ஏசியா? ஃபேனே ஒன்றுதான் ஐயா, அதுவும் ஸ்கேனர் பக்கம் திரும்பியிருக்கும்.

கிருஷ்ணகிரி மாங்கனி – இரவு 10.15
எந்தக் கல்லைச் சொல்கிறீர்கள்? பாதிக் கற்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன. தலைப்பில் எல்லாரும் "தருமபுரி நடுகல்" என்றே எழுதுகிறீர்கள். 2004-இல் மாவட்டம் பிரிந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் வந்ததும் ஊரே வந்து படம் எடுத்துக்கொண்டது. அது எங்கள் மாவட்டம்.

அரூர் வாத்தியார் – இரவு 10.21
எல்லாமே தகடூர் நாடு. அதியமானுக்கு உங்கள் மாவட்ட எல்லை தெரியாது. போன மாதம் அதியமான்கோட்டையைப் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள். மறக்கவில்லை.

கிருஷ்ணகிரி மாங்கனி – இரவு 10.24
நீங்கள் அன்றைக்கு எங்கள் மாவட்டத்து மல்லசந்திரத்தைத் தருமபுரியில் சேர்த்து எழுதினீர்கள். நானும் மறக்கவில்லை.

ஓசூர் நிரலன் – இரவு 10.37
பேச்சு 12 ரூபாயைப் பற்றி. ஒரு தேடல்-மாற்றல் தவறுக்காக ஒட்டுமொத்தத் தன்னார்வலர்களையும் குறை சொல்வதை ஏற்க முடியாது. பணத்தை நம்பிய திட்டம் பணம் நின்றதும் சாகும். அமெரிக்காவில் மானுடப்புல ஆய்வுக்கென்றே 1965 முதல் தேசிய நிதி அமைப்பு இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளைப் பாதியில் வெட்டினார்கள். மதுரைத் திட்டத்தை யாரால் வெட்ட முடியும்? தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் விக்கிமூலத்துக்குக் கொடுத்தது. மெய்ப்புப் பார்ப்பது யார்? நாங்கள். சமூகம்தான் நிற்கும், சம்பளம் நிற்காது.

பென்னாகரம் செல்வி – இரவு 11.02
தன்னார்வலர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள். மதுரைத் திட்டம் இல்லாவிட்டால் என் எம்.ஃபில். ஏட்டுக்கு மேற்கோள் தேடியே கண் போயிருக்கும். ஆனால் அந்த இரண்டாயிரம் நூல்களையும் ஸ்கேன் செய்தவர்கள் சும்மாவா செய்தார்கள்? ஹாம்பர்க்கில் செவ்வியல் தமிழுக்கு மின்தொகுப்பும் வரலாற்று அகராதியும் செய்ய 2023-இல் 24 வருடத் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே ஒருவரிடமும் பற்று இருந்தால் போதும் என்று சொல்வதில்லை. நம் ஊர்க் கல்லுக்கு மட்டும் நம் ஊர்ப் பிள்ளை பற்றை வைத்துப் பசியாற வேண்டுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தத் துறையின் தொடக்கம் என்று எல்லாரும் காட்டுவது ரோபெர்த்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியாரை. 1949-இல் ஐபிஎம் உதவியோடு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாசின் எழுத்துக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) செய்யத் தொடங்கினார். கடைசியில் 56 தொகுதியாக அச்சில் வந்தது. அதற்காக, அந்தக் கால இயந்திரம் படிக்கும் துளையட்டைகளைக் குத்தியவர்கள் கல்லராத்தே என்ற ஊரின் இளம்பெண்கள். லத்தீன் வரியை ஒரு எழுத்து பிசகாமல் அட்டையில் குத்தினார்கள். அவர்கள் பெயரைப் பல பத்தாண்டுகள் யாரும் கேட்கவில்லை. அண்மையில்தான் சில ஆய்வாளர்கள் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். அந்தப் பெண்களையும் "தட்டச்சு" என்ற ஒரே சொல்லில்தான் ஒதுக்கி வைத்திருந்தார்கள் அண்ணா.

ஓசூர் நிரலன் – இரவு 11.09
அவர்களுக்குப் பக்கத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?

பென்னாகரம் செல்வி – இரவு 11.11
கேள்வி அதுவா?

ஓசூர் நிரலன் – இரவு 11.14
நீங்கள்தானே 12 ரூபாயில் தொடங்கினீர்கள். சரி, உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன் தங்கச்சி, பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை.

பென்னாகரம் செல்வி – இரவு 11.33
தங்கச்சி வேண்டாம். செல்வி போதும்.

பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்தத் "தொழு"க்களைத் திரும்பத் "தொறு" ஆக்க ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தேன். திட்டம் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். நிரல் தெரிந்தவுடன் பஸ் ஏறிப் பெங்களூருக்குப் போ என்பதுதான் வழி என்றால், கல் இங்கேயே கிடக்கும், படிக்கத் தெரிந்தவள் அங்கே கிடப்பாள். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. ஆனால் அந்தத் தேர்வில் இதற்கென்று தனிப் பாடம் கிடையாது. தமிழில் எழுதி உள்ளே போய்விட்டு, இது தமிழ் ஆய்வா என்று வழிகாட்டியிடம் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும். தமிழ்த் துறை கணினித் துறைக்கு அனுப்புகிறது, கணினித் துறை தமிழ்த் துறைக்குத் திருப்பி அனுப்புகிறது. வீட்டில் என்ன வேலை பார்க்கிறாய் என்று அப்பா கேட்டபோது, கல்வெட்டு டைப் அடிக்கிறேன் என்று நானே சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வார்த்தையின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இப்போதாவது புரிகிறதா?

கிருஷ்ணகிரி மாங்கனி – இரவு 11.40
புரிகிறது. ஆனாலும் 25 ரூபாய்க் கடையை விட்டுவிட்டு 12 ரூபாய்க்கு ஏன் போனீர்கள் என்பது புரியவில்லை.

அரூர் வாத்தியார் – இரவு 11.46
நான் கேட்ட பெயரை இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. மானுடவியலா, மானுடப் புலமா? காலையில் வந்து பார்க்கிறேன்.

ஓசூர் நிரலன் – இரவு 11.52
விக்கிமூலத்தில் என் கணக்கில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயரும் நேரமும் பதிவாகியிருக்கிறது. பணம் வாங்காத எனக்குப் பெயர் இருக்கிறது. பணம் வாங்கிய உங்களுக்குப் பெயர் இல்லை. எது நல்ல ஏற்பாடு என்று நீங்களே சொல்லுங்கள். தட்டச்சு என்று சொன்னதை நான் திரும்ப எடுக்கவில்லை.

பென்னாகரம் செல்வி – இரவு 12.20
எனக்குப் பெயரும் வேண்டும், கூலியும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விடச் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கம் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் ஒரு கல்லைப் பார்க்கப் போகிறேன். அது எந்தப் பட்டியலிலும் என் கண்ணில் படவில்லை. இரண்டாவது வரியில் தொ போல ஒன்று தெரிகிறது. நிரலன் அண்ணா, அது வெறும் தட்டச்சுதான் என்றால் நீங்களும் வாருங்கள். அந்த வரியை அங்கேயே நின்று உங்கள் கையால் தட்டிக் காட்டுங்கள்.

ஓசூர் நிரலன் – இரவு 12.31
ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.