ஸ்பானிஷ் ரொமான்ஸ்: ஏ-எம்-ஐ ஆர்ப்பேஜியோவில் மெலடி அமுங்கிப்போகிறது

கேள்வி:
கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்பானிஷ் ரொமான்ஸ் பழகுகிறேன். அதன் முதல் பகுதி (ஈ மைனர், 16 மெஷர்) இடக்கைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வலக்கையில் ஏ-எம்-ஐ (மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி) ஒன்றன்பின் ஒன்றாக, பீட்டுக்கு மூன்று நோட்; ஒவ்வொரு மெஷரின் முதல் பீட்டில் பி-யும் (கட்டைவிரல்) ஏ-யும் சேர்ந்து. மெட்ரோனோம் 60-இல் (நிமிடத்துக்கு 60 பீட்) ஒழுங்காக வருகிறது. 80-க்குப் போனால் மூன்று நோட்டும் ஒரே கனத்தில் கேட்கிறது. முதல் தந்தி மெலடி தனியாகத் தெரியவில்லை. ஏ-க்கு ரெஸ்ட் ஸ்ட்ரோக் (மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்பது) போட்டால் வேகம் போய்விடுகிறது. 9, 10ஆம் மெஷர்களில் பார்ரேயும் (ஆள்காட்டியால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்துவது) சரியாக ஒலிப்பதில்லை. எதை முதலில் சரிசெய்வது? அடுத்து பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸின் முதல் எடூட் (பயிற்சித் துண்டு) எடுக்கலாமா?

பதில் 1:
மெலடியைக் கூட்டுவதற்கு முன் எம், ஐ இரண்டையும் குறையுங்கள். நடுவிரலும் ஆள்காட்டியும் இயல்பிலேயே மோதிர விரலைவிட வலுவானவை. எல்லா விரலுக்கும் ஒரே முயற்சி கொடுத்தால் பின்னணிதான் மேலே வரும்.

முதலில் மெலடியை மட்டும் ஏ விரலாலேயே, பீட்டுக்கு ஒன்றாக, 50-இல் வாசியுங்கள். இடையில் எம்-முக்கோ ஐ-க்கோ மாறிவிடக் கூடாது. அது பாட்டாக ஒலித்ததும் பாஸை (பி வாசிக்கும் கனத்த நோட்டை) சேருங்கள். அடுத்த சுற்றில் எம், ஐ தந்தியைத் தொட்டு நகர்ந்தால் போதும், ஒலி வர வேண்டியதில்லை. பிறகு மெல்ல ஒலிக்க விடுங்கள். ஏ-யின் கனம் இந்த நான்கு சுற்றிலும் மாறக் கூடாது. மாறினால் முந்தைய சுற்றுக்கே திரும்புங்கள்.

சுண்டுவிரலையும் பாருங்கள். அது விறைத்து நீட்டிக்கொண்டிருந்தால் மோதிர விரல் சுதந்திரமாக அசையாது. இரண்டும் சேர்ந்தே மடங்க வேண்டும். விரலின் அசைவு அடி மூட்டிலிருந்து உள்ளங்கை நோக்கிப் போக வேண்டும். தந்தியை வெளிப்பக்கம் கொக்கி போட்டு இழுத்தால் அது ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் குறுக்குக் கம்பியில்) அடித்துச் சடசடக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ரெஸ்ட் ஸ்ட்ரோக் பற்றி மட்டும் சேர்க்கிறேன். இந்தத் துண்டு முழுக்க அதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏ இரண்டாம் தந்தியில் வந்து சாயும்போது அங்கே ஒலித்துக்கொண்டிருந்த நோட் செத்துவிடும். அதே தந்தியை எம் உடனே மீட்ட வேண்டும். 80-இல் ஒரு நோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே கால் நொடிதான். வேகம் குறைவது உங்கள் திறமைக் குறைவால் அல்ல.

ஃப்ரீ ஸ்ட்ரோக்கிலேயே (விரல் அடுத்த தந்தியில் சாயாமல் மீட்டுவது) கனம் எடுக்கலாம்: மீட்டுவதற்கு முன் தந்தியை ஒலிப்பலகை பக்கமாகச் சற்று அழுத்தி, பிறகு விடுங்கள். விரல் நுனி மூட்டு தளராமல் இருக்கட்டும். தந்தி பலகைக்குச் செங்குத்தாக அதிர்ந்தால் ஒலி தடிக்கும். ரெஸ்ட் ஸ்ட்ரோக்கை மெஷரின் முதல் நோட்டுக்கு மட்டும், அதுவும் மெதுவாக வாசிக்கும் இடங்களில் வையுங்கள்.

இன்னொரு கோளாறு பிளான்ட்டிங்கில் வரும், அதாவது விரலை முன்கூட்டியே தந்தியில் வைப்பதில். பி-ஐ-எம்-ஏ போல் ஏறும் வரிசையில் நான்கு விரலையும் ஒன்றாக வைத்துவிட்டு மீட்டலாம். ஏ-எம்-ஐ இறங்கு வரிசை. ஐ மீட்டும்போதே ஏ-யை முதல் தந்தியில் வைத்தால் மெலடி நோட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கு அறுந்துபோகும். உங்களுக்கு மெலடி தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். மெதுவான பயிற்சியில் மட்டும் அப்படி வையுங்கள். வாசிக்கும்போது தொடுவதும் மீட்டுவதும் ஒரே அசைவாகட்டும். ஒரு ரெகார்டிங் எடுத்து முதல் தந்தி இடைவெளியில்லாமல் ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.

பதில் 3:
பார்ரே பற்றி. 7, 8ஆம் மெஷரில் (ஏ மைனர்) பாஸ் ஐந்தாம் தந்தி ஓப்பன், அதாவது இடக்கை அழுத்தாமல். ஆறு தந்தியையும் அழுத்தத் தேவையில்லை, 5ஆம் ஃப்ரெட்டில் 1, 2, 3ஆம் தந்திகள் போதும். அங்கே வீணாகும் பலம்தான் 9ஆம் மெஷரில் கை சோர்வதற்குக் காரணம்.

9, 10-இல் முழுப் பார்ரே 7ஆம் ஃப்ரெட்டில். மூன்றாம் தந்தியின் 8ஆம் ஃப்ரெட்டை நடுவிரல் பிடிக்கிறது. ஆகவே ஆள்காட்டி உண்மையில் அழுத்த வேண்டியவை 6, 2, 1 தந்திகள் மட்டுமே. விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, இரு முனைகளுக்கும் அழுத்தம் கொடுங்கள். சுண்டுவிரல் 11ஆம் ஃப்ரெட்டுக்கு நீளும்போது முழங்கையை உடலிலிருந்து சற்று வெளியே எடுங்கள். மணிக்கட்டை முறுக்கினால் பார்ரே தூக்கிக்கொள்ளும்.

வில்லா-லோபோஸ் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே வரிசை பி-ஐ-பி-ஐ-பி-எம்-ஐ-ஏ-எம்-ஏ-ஐ-எம்-பி-ஐ-பி-ஐ, தந்திகள் 6-4-5-3-4-2-3-1-2-1-3-2-4-3-5-4. சிக்குமிடம் நடுவில் வரும் ஏ-எம்-ஏ, அதாவது உங்களுக்கு இப்போது பலவீனமாக இருக்கும் அதே விரல் ஜோடி. அதற்கு முன் இத்தாலிய கிட்டார் கலைஞர் ஜூலியானியின் ஓபஸ் 1-இல் (முதல் படைப்புத் தொகுப்பு) உள்ள 120 வலக்கைப் பயிற்சிகளில் ஏ-யும் எம்-மும் அடுத்தடுத்து வருபவற்றைப் பொறுக்கி எடுங்கள். சி மேஜர், ஜி7 என இரண்டே கார்டுகள் என்பதால் கவனம் முழுக்க வலக்கையில் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ரெகார்டிங் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மெலடி நோட்டும் முன்னதாகவே நிற்கிறது. பிளான்ட்டிங்தான். ஏ தனியாக, 50-இலிருந்து ஆரம்பிக்கிறேன். பி-யும் ஏ-யும் சேரும் இடத்தில் ஏ சற்றுப் பின்தங்குகிறது, அதற்கு வழி?

பதில் 2:
எம், ஐ இல்லாமல் அந்த ஜோடியை மட்டும் ஓப்பன் 6ஆம், 1ஆம் தந்திகளில் வாசியுங்கள். இரு விரலையும் முதலில் தந்தியில் நிறுத்தி, ஒன்றாக விடுங்கள். இந்தப் பயிற்சிக்கு முன்கூட்டி வைப்பது சரியே. கட்டைவிரல் ஆள்காட்டிக்கு இடப்புறமாக, சவுண்ட்ஹோல் பக்கம் தள்ளி இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் போனால் அது ஏ-யின் பாதையை மறிக்கும்.