பழைய நாடாவின் மரப்படி: நூல் ஏன் நிற்கவில்லை?

கேள்வி (பெருந்துறை)
விரல்களில் சுற்றிய நூலில் முடிச்சுகள் போட்டுச் செய்யும் டாட்டிங் லேஸ் பின்னுவதற்காக, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நாடா (நூலைச் சுற்றி வைக்கும் கைக்கருவி) ஒன்றின் படத்தைப் பார்த்து, வேப்பம்பலகையில் 13 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றைச் செதுக்கினேன். மேலும் கீழுமாக வரும் இரண்டு மெல்லிய மர இதழ்களையும், நூல் சுற்றும் நடுக்கட்டையில் ஒட்டி, விளக்கெண்ணெய் பூசினேன். பார்வைக்குப் படத்தில் உள்ளது போலவே இருந்தாலும், கை நழுவினால் நூல் முழுவதும் அவிழ்ந்துவிடுகிறது. வெள்ளை நூலில் கறையும் ஏறுகிறது. முனைகளை நெருக்கிக் கட்டியபோது ஓர் இதழ் முறிந்தே போயிற்று. முறிந்த துண்டின் படத்தை இணைத்துள்ளேன். தவறு மரத்திலா, என் கையிலா?

பதில் (சென்னிமலை)
அம்மணி, படத்தில் மரத்தின் ரேகை இதழுக்குக் குறுக்காக ஓடுகிறது. நீளவாக்கில் ஓடியிருந்தால் வளைந்து கொடுத்திருக்கும். எங்கள் தறி நாடாவின் முனையில் இரும்புக் கூர் உண்டு, உங்களுடைய மெல்லிய இதழுக்கோ ரேகை மட்டுமே பலம். வெட்பாலை கிடைத்தால் அதையே எடுங்கள். சன்னப்பட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் அந்த மரம் வெளுப்பாகவும் இழை நெருக்கமாகவும் இருக்கும். விளக்கெண்ணெய் என்றைக்கும் காயாது, அது வண்டி அச்சுக்கு உகந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாகப் பூசுங்கள்.

பதில் (கோவை)
மரத்தை மாற்றினாலும் நூல் நிற்காது, ஏனெனில் நீங்கள் படியெடுத்தது முடிச்சு நாடா. அக்காலத்தில் கெட்டி நூலில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டு, அந்தச் சரட்டைத் துணியின்மேல் படியவைத்துத் தைத்தார்கள். கெட்டி நூல் தடையின்றி வருவதற்காகவே அதன் உடல் பெரிதாகவும் முனைகள் திறந்தும் இருந்தன. டாட்டிங்கில் விரல்களைச் சுற்றிய நூல் வளையத்துக்குள் நாடா ஓயாமல் நுழைந்து வர வேண்டியிருப்பதால், 7 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். முனைகள் ஒன்றையொன்று தொட்டு, இழுத்தால் மட்டும் 'டிக்' என்று நூலை விட வேண்டும். இதழ்களின் உட்புறத்தைச் சற்றே குழித்து, ஒட்டுவதற்கு முன் கட்டையின் உயரத்தை உப்புத்தாளில் சிறிது சிறிதாகக் குறையுங்கள். முனைகளுக்கிடையே வைத்த காகிதத்தை இழுக்கும்போது மெல்லிய பிடிப்புத் தெரிந்தால் நிறுத்திவிடலாம். நூலைக் கட்டுவதற்குக் கட்டையில் ஒரு துளையும் தேவை.

கேட்டவர் (பெருந்துறை)
இருவருக்கும் நன்றி. வெட்பாலையில் சிறியதாகச் செய்துவிட்டேன். முதல் கட்டையை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டதால் முனைகள் நூலை விடவே மறுத்தன. இரண்டாவது கட்டை சரியாக அமைந்தது. இப்போது கையை விட்டால் நாடா நூலிலேயே தொங்கி ஆடுகிறது. பெரியதற்கும் ஒரு புது இதழ் செதுக்கி, கெட்டி நூலில் முடிச்சுப் போட்டுப் பார்க்கவிருக்கிறேன்.