அப்ளை முடிஞ்சும் ஏபிஐ எழுந்திரிக்கலையா? (டெராஃபார்ம் + ஈசிஎஸ் ஃபார்கேட்)

நைட் ஷிஃப்ட்:
ஃபார்கேட் (சர்வரை நாம பார்த்துக்காம கன்டெய்னர் ஓட்டுற ஏடபிள்யூஎஸ் வசதி) மேல ஏபிஐ ஏத்தும்போது எங்கெங்க இடிக்கும்னு தெரிஞ்சவங்க போடுங்க. முதல்ல ஒண்ணு: டெராஃபார்ம் (கோடு எழுதி கிளவுட் வசதிகளை உருவாக்குற டூல்) "அப்ளை கம்ப்ளீட்"னு காட்டினா, ஈசிஎஸ் (ஏடபிள்யூஎஸ்ல கன்டெய்னர்களை நடத்துற சேவை) சர்வீஸை உருவாக்கியாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். உள்ளே கன்டெய்னர் எழுந்து எழுந்து விழுந்தாலும் அதுக்குத் தெரியாது. சர்வீஸ் பிளாக்ல "வெயிட் ஃபார் ஸ்டெடி ஸ்டேட்" டீஃபால்ட்டா ஃபால்ஸ்; ட்ரூ ஆக்குங்க. 20 நிமிஷம் வரை காத்திருந்து, சரியா வரலைன்னா எரர் தரும். சர்க்யூட் பிரேக்கரையும் (புது டெப்ளாய் தொடர்ந்து தோத்தா நிறுத்துறது) ரோல்பேக்கையும் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புறது) ஆன் பண்ணிடுங்க. ரோல்பேக் ஆகி பழைய வெர்ஷன் ஓடினாலும் சர்வீஸ் நல்லாத்தான் தெரியும். அதனால பைப்லைன் கடைசியில வெர்ஷன் என்ட்பாயின்ட்டுக்கு ஒரு கர்ல் (கமாண்ட் லைன் ரிக்வெஸ்ட்) அடிச்சு, புது வெர்ஷன்தானான்னு பாருங்க.

டெவாப்ஸ் அக்கா:
பாதிப் பேர் மாட்டுறது இமேஜ் இழுக்குற இடத்துலதான். டாஸ்க் (ஓடுற கன்டெய்னர்) பிரைவேட் சப்நெட்ல இருக்கு, இன்டர்நெட்டுக்கு வழி விடுற நேட் கேட்வே செலவு வேண்டாம்னா, ஏடபிள்யூஎஸ் சேவைகளுக்கு உள்வழியா போற விபிசி என்ட்பாயின்ட் போடணும். இமேஜ் வச்சிருக்குற இசிஆருக்கு ரெண்டு (அதோட ஏபிஐக்கு ஒண்ணு, டாக்கர் இமேஜ் இழுக்குற டிகேஆருக்கு ஒண்ணு), கிளவுட்வாட்ச் லாக்ஸுக்கு ஒண்ணு, சீக்ரெட்ஸ் மேனேஜர்ல பாஸ்வேர்ட் வச்சிருந்தா அதுக்கும் ஒண்ணு. இதெல்லாம் இன்டர்ஃபேஸ் வகை. இதோட எஸ்3 (ஏடபிள்யூஎஸ்ஸோட ஃபைல் சேமிப்பு) கேட்வே என்ட்பாயின்ட் கட்டாயம் வேணும், ஏன்னா இமேஜோட லேயர்கள் எஸ்3லதான் கிடக்கு. இதை விட்டுட்டா இசிஆர் லாகின் வரைக்கும் ஒழுங்கா போகும், லேயர் இறங்குற இடத்துல தொங்கி டைம்அவுட் ஆகும். ஐஏஎம் (அனுமதி) பாலிசியை எவ்வளவு குடைஞ்சாலும் பிரச்சினை கிடைக்காது.

எஸ்3 என்ட்பாயின்ட்டை அந்த சப்நெட்டோட ரூட் டேபிள்ல இணைக்கணும். மத்ததுல பிரைவேட் டிஎன்எஸ் ஆன் இருக்கணும், செக்யூரிட்டி குரூப்ல டாஸ்க் பக்கமிருந்து 443 திறந்திருக்கணும். காரணம் பார்க்க டாஸ்க் லிஸ்ட்ல "ஸ்டாப்டு" ஃபில்டர் போட்டு "ஸ்டாப்டு ரீசன்" படிங்க. சீக்கிரம் பாருங்க, ஒரு மணி நேரம் போல இருந்துட்டு மறைஞ்சிடும்.

சேலத்துக்காரன்:
"எக்ஸெக் ஃபார்மேட் எரர்" வந்தா யோசிக்கவே வேண்டாம். எம்1, எம்2 மேக்ல கட்டின ஆர்ம் இமேஜ், எக்ஸ்86 டாஸ்க்ல ஓடப் பார்க்குது. டாக்கர் பில்ட்ல பிளாட்ஃபார்மை லினக்ஸ்/ஏஎம்டி64னு குடுங்க, இல்லேன்னா டாஸ்க் டெஃபினிஷன்ல ஆர்ம்64 ஆக்குங்க.

பத்து போர்ட்:
அக்கா சொன்னதைத் தாண்டினா அடுத்து நிக்கிறது ஹெல்த் செக், அதாவது லோட் பேலன்சர் ஆப் உயிரோட இருக்கான்னு பார்க்குறது. டார்கெட் குரூப்ல (லோட் பேலன்சர் டிராஃபிக் அனுப்புற பட்டியல்) டார்கெட் டைப் "ஐபி"னு இருக்கணும். டீஃபால்ட் "இன்ஸ்டன்ஸ்" ஃபார்கேட்டுக்கு ஆகாது. பாத் டீஃபால்ட் வெறும் "/". நிறைய ஏபிஐ அதுல 404 தரும், லோட் பேலன்சர் அதை செத்ததா எடுத்துக்கும். ஆப் 127.0.0.1ல கேட்டுக்கிட்டிருந்தாலும் இதே கதை, 0.0.0.0க்கு மாத்துங்க. இன்டர்வல் 30 நொடி, த்ரெஷோல்ட் 3னா ஒன்றரை நிமிஷத்துல கழுத்தை நெரிச்சிடும். மெதுவா எழும் ஸ்பிரிங் பூட் ஆப்புக்கு ஹெல்த் செக் கிரேஸ் பீரியட் 120, 180னு குடுங்க. ஹெல்த் பாத்ல டேட்டாபேஸைத் தொடாதீங்க. டிபி ஒரு நிமிஷம் திணறினா எல்லா டாஸ்க்கும் சேர்ந்து சாகும்.

நோட்.ஜேஎஸ் ஆப்ல அப்பப்போ 502 எரர் வருதா? ஏஎல்பி (லோட் பேலன்சர்) சும்மா இருக்குற கனெக்‌ஷனை வச்சிருக்குற ஐடில் டைம்அவுட் டீஃபால்ட்டா 60 நொடி, நோடோட கீப் அலைவ் டீஃபால்ட் பல வெர்ஷன்ல 5 நொடி. நோட் முந்திக்கிட்டு கனெக்‌ஷனை மூடிடுது. கீப் அலைவை 65 நொடி ஆக்குங்க.

டெவாப்ஸ் அக்கா:
விட்டுப்போனது ரெண்டு. இமேஜ் டேக்கை "லேட்டஸ்ட்"னு வைக்காதீங்க தம்பிகளா. புது இமேஜ் தள்ளினாலும் பிளான்ல "நோ சேஞ்சஸ்"தான் வரும். கிட் கமிட் ஹாஷைப் போடுங்க. அடுத்து ரோல் குழப்பம்: இமேஜ் இழுக்கவும், டாஸ்க் டெஃபினிஷன்ல சொன்ன சீக்ரெட்டை எடுக்கவும் எக்ஸிக்யூஷன் ரோல். ஓடுற கோடு எஸ்3, எஸ்கியூஎஸ் (மெசேஜ் க்யூ) தொட டாஸ்க் ரோல்.

நைட் ஷிஃப்ட்:
அந்த சீக்ரெட்டோட மதிப்பை டெராஃபார்ம் வேரியபிள்ல குடுத்தா "சென்சிடிவ்"னு குறிச்சாலும் திரையில மட்டும்தான் மறையும். டெராஃபார்ம் உருவாக்கினதைக் குறிச்சு வைக்கிற ஸ்டேட் ஃபைல்ல அப்படியே கிடக்கும். ஸ்டேட் ஃபைலை எஸ்3ல வச்சிருந்தா, அந்த பக்கெட்டை யார் படிக்கலாம்னு இறுக்கிடுங்க, வெர்ஷனிங் ஆன் பண்ணுங்க. டெராஃபார்ம் 1.10லிருந்து "யூஸ் லாக்ஃபைல்" ட்ரூ ஆக்கினா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்தாம இருக்க எஸ்3லயே லாக் ஆகும், டைனமோடிபி டேபிள் தனியா வேண்டாம்.