ரெண்டு பேருக்கான இரவுச் சாப்பாடு: கடைசி அஞ்சு நிமிஷத்துல கெடுறது எது?

சிம்மில்வை:
பூண்டு வெண்ணெய் பாஸ்தா. எல்லாம் தயார், சாப்பிட வேண்டிய ஆளும் வந்து உட்கார்ந்தாச்சு. துருவின சீஸைக் கொட்டினதும் அது கரண்டியில உருண்டு சுருண்டுக்குது, சட்டியடியில கொழுப்பு தனியா நிக்குது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தத் திரி. குறிப்பு எழுதுறவங்க அந்த இடத்துல "நன்கு கிளறவும்"னு மட்டும் எழுதிட்டுத் தாண்டிடறாங்க.

காரணம் சூடு. சட்டி ரொம்பச் சூடா இருந்தா சீஸ்ல இருக்கிற புரதம் இறுகி, கொழுப்பை வெளிய தள்ளிடும். அதனால அடுப்பை அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு, சீஸைக் கொஞ்சம் கொஞ்சமா தூவணும். ஒவ்வொரு தடவையும் பாஸ்தா வேகவச்ச தண்ணி ஒரு கரண்டி. அதுல கரைஞ்ச மாவுச்சத்துதான் கொழுப்பையும் தண்ணியையும் பிரியாம பிடிச்சு வைக்குது. வடிகட்டுறதுக்கு முன்னாடியே ஒரு கப் எடுத்து வச்சுடுங்க.

அளவு: காய்ந்த பாஸ்தா 180 கிராம், தண்ணி ஒன்றரை லிட்டர், உப்பு 15 கிராம், பூண்டு 4 பல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 30 கிராம், சீஸ் 40 கிராம். பாக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்து, மிச்சத்தைச் சட்டியிலயே வேகவிடணும்.

உப்புக்கல்:
ஒன்றரை லிட்டர் போதாது, பாஸ்தா ஒன்னோட ஒன்னு ஒட்டும். பெரிய பாத்திரத்துல நிறைய தண்ணி வச்சாத்தான் சரி.

சிம்மில்வை:
ஒட்டுறது முதல் ரெண்டு நிமிஷத்துல கிளறாம விடறதால. அந்த நேரம் கிளறிவிட்டா குறைஞ்ச தண்ணியே போதும். நாலு லிட்டர் வச்சா மாவுச்சத்து நீர்த்துப் போயிடும், அப்புறம் அந்தத் தண்ணியை எடுத்து வச்சும் சாஸ் கூடி வராது.

உப்புக்கல்:
சரி, கிளறுற விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா நீங்க ஒன்னை விட்டுட்டீங்க: துருவியே விக்கிற சீஸ். ஒன்னோட ஒன்னு ஒட்டாம இருக்க அதுல மாவு சேர்த்திருப்பாங்க. எவ்வளவு நிதானமா தூவினாலும் சாஸ் நறநறன்னுதான் இருக்கும். கட்டியா வாங்கித் துருவுங்க, மெல்லிய பல்லு இருக்கிற பக்கத்துல.

வாணலிச்சத்தம்:
பாஸ்தாவை விடுங்க, சிக்கனுக்கு வாங்க. கறியைச் சட்டியில வச்சதும் 'சுர்'னு ஒரு சத்தம் கேக்கும். அது அரை நிமிஷத்துல 'களக் களக்'னு மாறினா வேலை கெட்டுடுச்சு. கறி விடற தண்ணி சட்டியில தேங்கி, கறி வறுபடாம வேகுதுன்னு அர்த்தம். ஈரம் துடைக்காததும் சட்டியில இடம் இல்லாததும்தான் காரணம்.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி 300 கிராம் துண்டு ஒன்னு. குறுக்கால கிடைமட்டமா வெட்டினா ரெண்டு பேருக்கு ரெண்டு தகடு, ஒவ்வொன்னும் ஒன்றரை செ.மீ. கனம். அரைத் தேக்கரண்டி உப்பைத் தடவி முக்கால் மணி நேரம் வைங்க. உப்பு முதல்ல நீரை இழுக்கும், அப்புறம் அந்த நீரோடயே உள்ள இறங்கும். நடுவுல, பத்து இருபது நிமிஷத்துல எடுத்துப் போட்டா மேல்பக்கம் முழுக்க ஈரமா இருக்கும். நேரம் இல்லைன்னா போடறதுக்கு முந்தின நொடி உப்புப் போடுங்க, அதுவும் நல்லாத்தான் வரும். துணியால ஒத்தி எடுத்து, நாலு நிமிஷம் தொடாம விட்டுத் திருப்புங்க, அப்புறம் மூணு நிமிஷம். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொடணும்.

எடுத்து வச்சுட்டு அதே சட்டியில அரைக் கப் காய்கறி வேகவச்ச சாறு ஊத்தி, அடியில ஒட்டினதைச் சுரண்டி, மூணுல ஒரு பங்கா சுண்டவிட்டு, அடுப்பை அணைச்சு 20 கிராம் ஜில்லுன்னு இருக்கிற வெண்ணெயைச் சுழற்றிக் கரைக்கணும். கொதிக்கும்போது வெண்ணெய் போட்டா எண்ணெயா பிரிஞ்சுடும். சிம்மில்வை சொன்ன சீஸ் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

பாதிஅளவு:
ரெண்டு பேர் சமையல்ல நிறைய பேர் கோட்டை விடற இடம் பாத்திரம்தான், இங்க யாரும் அதைத் தொடவே இல்லை. நாலு பேர் குறிப்பைப் பாதியாக்குறாங்க, சட்டியை மட்டும் அப்படியே விட்டுடறாங்க. 28 செ.மீ. சட்டிக்குப் பாதி 14 இல்லை, 20. பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல போகுது. பாதி சாஸை 28-லயே காய்ச்சினா தண்ணி ஆவியாகுற பரப்பு மாறலை, அதனால வேகமா வத்தி, உப்புத் தூக்கி, ஓரம் கருகும். சின்ன சட்டி இல்லைன்னா திரவத்தைப் பாதியாக்காம முக்கால் பங்கு ஊத்துங்க, தீயைக் குறைங்க, உப்பைக் கடைசியில போடுங்க. அவன்ல வைக்கிறதுக்கும் நேரத்தை அப்படியே பாதியாக்காதீங்க, அது கனத்தைப் பொறுத்தது.

இதுக்கெல்லாம் விதிவிலக்கு காளான். 250 கிராம்னாலும் வீட்டுல இருக்கிறதிலேயே அகலமான சட்டிதான். அதுல பெரும்பகுதி தண்ணி, நெருக்கிப் போட்டா அந்தத் தண்ணியிலயே வதங்கி சொதசொதன்னு ஆயிடும்.

கேக்காமலே இன்னொன்னும் சொல்றேன், வரிசை. கறிக்கு உப்புத் தடவினதுமே இனிப்பு மாவைக் கலந்து கிண்ணத்துல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. அப்புறம் பாஸ்தாத் தண்ணி. அது கொதிக்கிற நேரத்துல சிக்கன். சிக்கன் எடுத்து வச்ச அஞ்சு நிமிஷம் சாஸுக்கு. தட்டுல வெந்நீர் ஊத்தி வச்சிருந்து கடைசியில துடைச்சுடுங்க. ஜில்லுன்னு இருக்கிற தட்டுல சீஸ் சாஸ் ரெண்டே நிமிஷத்துல இறுகிடும்.

இனிப்புக்காரர்:
அந்த இனிப்பு மாவு எதுன்னு சொல்லலையே! நடுவுல உருகி வழியுற சாக்லேட் கேக்தான் இதுக்குப் பொருத்தம். டார்க் சாக்லேட் 60 கிராம், வெண்ணெய் 50 ரெண்டையும் உருக்கி, முட்டை ஒன்னு, மஞ்சள்கரு ஒன்னு, சர்க்கரை 30, மைதா 15, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் தடவின சின்ன கிண்ணம் ரெண்டு. 220 டிகிரியில பத்து நிமிஷம், ஃப்ரிட்ஜ்லருந்து நேரா வச்சா ஒன்னு ரெண்டு நிமிஷம் கூட. ஓரம் இறுகி, நடுவுல லேசா ஆடும்போது எடுக்கணும். ஒரு நிமிஷம் விட்டுக் கவிழுங்க. அதுக்கு மேல கிண்ணத்துல விட்டா உள்சூட்டுலயே நடுவும் வெந்துடும். நடுவுல முட்டை முழுசா வேகாது, அதனால கர்ப்பிணிக்குச் செய்றதா இருந்தா வேற இனிப்புக்குப் போயிடுங்க.

உப்புக்கல்:
பூண்டை யாரும் பேசலை. சூடான எண்ணெயில போடாதீங்க. ஆறின எண்ணெயில மெல்லிசா சீவிப் போட்டு, சிம்ல வச்சு, ஓரம் பொன்னிறம் காட்டினதும் ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணி ஊத்திடுங்க, நிறம் அங்கேயே நின்னுடும். பழுப்பு தாண்டின பூண்டு கசக்கும், எந்த வெண்ணெயும் அதை மறைக்காது. அப்படி ஆச்சுன்னா எண்ணெயோட கொட்டிட்டுப் புதுசா நாலு பல் சீவுங்க, மூணு நிமிஷ வேலைதான்.